‘சில நபர்கள்’ என்போர் எவர்? பெயர் சொல்லி எழுதுவதன் சட்டமும் அரசியலும்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் நடைபெறும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்திற்குச் செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் கலசப்பாக்கத்திலிருந்தும் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து மக்கள் வருகின்றனர். அவர்களுள் சேரிகளிலிருந்து வருவோரின் மனுக்களைப் படித்துப் பார்ப்பதும், தேவைப்பட்டால் திருத்தி எழுதித் தருவதும் எங்கள் பணிகளுள் ஒன்று. சாதிக் கொடுமை குறித்த மனுக்களில் ஒரே வாக்கியம் மீண்டும் மீண்டும் எங்கள் கண்ணில் படுகிறது:

“எங்கள் ஊரைச் சேர்ந்த சில நபர்கள் என்னைத் தகாத வார்த்தைகளால் இழிவாகப் பேசினார்கள், தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இவ்வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் நான்கு பெயர்கள் இதில் விடுபட்டுள்ளன. பேசியவர் யார்? பேசிய சொல் எது? எந்த இடத்தில், எவர் முன்னிலையில் பேசினார்? பேசியவர் எந்தச் சாதியைச் சேர்ந்தவர்? வன்கொடுமை வழக்குகள் பலவும் நீதிமன்றத்தில் சரிந்து விழுவது இந்த நான்கு இடைவெளிகளின் வழியாகத்தான். எனவே, பெயர் சொல்லி எழுதுவது ஏன் இன்றியமையாதது, எங்கே பெயரைச் சொல்லவே கூடாது என்பவற்றைச் செயற்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்கும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

சட்டமே சாதியைக் கேட்கிறது

பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம் 1989ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1990 ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 3ஆம் பிரிவு, பட்டியல் சாதியையோ பட்டியல் பழங்குடியையோ சேராத ஒருவர் இழைக்கும் செயல்களையே வன்கொடுமை என வரையறுக்கிறது. அதாவது, பாதிக்கப்பட்டவரின் சாதி எவ்வளவு முக்கியமோ, குற்றம் சாட்டப்பட்டவரின் சாதியும் அவ்வளவு முக்கியம். அது குற்றத்தின் உட்கூறு. ‘எதிரி இன்ன சாதியைச் சேர்ந்தவர்’ என்று புகாரில் எழுதுவது சாதி வெறியைத் தூண்டுவதாகாது. சட்டம் கேட்கும் விவரத்தைத் தருவதாகும். அந்த ஒரு வரி இல்லாத புகாரை வைத்து, ‘இது சாதாரணத் தகராறு’ என்று வழக்கின் தன்மையையே மாற்றிவிட இயலும்.

2015ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 8(சி) பிரிவு இன்னொரு வலுவான கருவியைத் தந்துள்ளது. பாதிக்கப்பட்டவரையோ அவருடைய குடும்பத்தினரையோ குற்றம் சாட்டப்பட்டவர் நேரடியாக அறிந்திருந்தால், அவர்களுடைய சாதியையும் அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். ‘எனக்கு அவர் என்ன சாதி என்றே தெரியாது’ என்ற வழக்கமான வாதத்தை இனி எதிரிதான் மெய்ப்பிக்க வேண்டும். இந்த அனுமானம் கிடைக்க வேண்டுமானால், இருவருக்கும் உள்ள அறிமுகம் புகாரில் இருக்க வேண்டும். ‘இவர் நிலத்தில் பல ஆண்டுகளாக நடவுக்கும் அறுப்புக்கும் சென்று வருகிறேன்’, ‘இவரும் நானும் ஒரே பள்ளியில் படித்தோம்’ என்பன போன்ற வரிகள் பார்ப்பதற்கு எளியவை. நீதிமன்றத்தில் அவற்றின் எடை அதிகம்.

ஆகவே எதிரியின் பெயர், தந்தை பெயர், தெரு, சாதி, அவரை எப்படித் தெரியும் என்ற ஐந்தையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் புகாரே கொடுக்க இயலாது என்று எண்ண வேண்டாம். பெயர் தெரியாத நபர்கள் மீதும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யலாம். அடையாளம், வண்டி எண், யாருடைய மகன் அல்லது உறவினர் என்று கேள்விப்பட்டது ஆகியவற்றைக் கேள்விப்பட்ட அளவிலேயே எழுதலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: அந்த இடத்தில் இல்லாதவர்களின் பெயர்களைக் கோபத்தில் சேர்த்து எழுதாதீர்கள். ஒருவர் அன்று வெளியூரில் இருந்தார் என்று மெய்ப்பிக்கப்பட்டால், உண்மையாகவே குற்றமிழைத்தவரும் அந்த ஐயத்தின் நிழலில் தப்பிவிடுவார்.

‘தகாத வார்த்தைகள்’ என்பது எந்த வார்த்தை?

நம் மனுக்களிலும் காவல் நிலையப் பதிவுகளிலும் ‘தகாத வார்த்தைகள்’ என்ற தொடர் ஒரு போர்வையாகப் பயன்படுகிறது. வசைச் சொல்லை மீண்டும் எழுதக் கை கூசுகிறது என்பது புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால் அந்தக் கூச்சத்தின் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது?

சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு, பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி வசைபாடுவதைக் குற்றமாக்குகிறது. 3(1)(ஆர்) பிரிவு, அத்தகைய இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவமதிப்பதையும் மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. இரண்டுக்கும் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில், பறையர், பள்ளர் ஆகிய சாதிப் பெயர்களை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் வசையாகப் பயன்படுத்துவது குற்றம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறி, தண்டனையை உறுதிசெய்தது. அத்தீர்ப்பு சாத்தியமானதற்குக் காரணம், அந்தச் சொற்கள் அப்படியே பதிவாகியிருந்ததுதான். மாறாக, 2023இல் ரமேஷ் சந்திர வைஷ்யா வழக்கில், சாதியைச் சுட்டிச் சொல்லப்பட்டது என்ன என்பது குற்றப்பத்திரிகையிலேனும் இடம்பெற வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. பேச்சைக் கேட்ட பொதுமக்கள் எவரும் குறிப்பிடப்படாததையும் சுட்டிக்காட்டி வழக்கை ரத்து செய்தது. 2024இல் ஷாஜன் ஸ்கரியா வழக்கில், அவமதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்பது மட்டும் போதாது, அவமதிப்பு அவருடைய சாதி அடையாளத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்று கூறப்பட்டது.

இத்தீர்ப்புகளில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் வழக்கு நடத்துகையில் அவற்றைக் கடந்து செல்லத்தான் வேண்டும். வழி எளிது: எதிரி சொன்ன சொல்லை, அவர் சொன்ன பேச்சு வழக்கிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். அது உங்கள் சொல்லன்று. அதைச் சொன்னவரின் பெயருக்கு நேரே அது நிற்கட்டும்.

வாய்மொழியாகப் புகார் அளிப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும. சட்டத்தின் 4(2) பிரிவின்படி, எழுதப்பட்ட புகாரைக் கையொப்பம் வாங்குவதற்கு முன் படித்துக் காட்டுவதும், முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே தருவதும் அலுவலரின் கடமைகள். படித்துக் காட்டும்போது அந்தச் சொல் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘தகாத வார்த்தைகள்’ என்று சுருக்கப்பட்டிருந்தால், விரித்து எழுதிய பிறகு கையொப்பமிடுங்கள்.

கேட்டவர்களின் பெயர்

‘பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடம்’ என்ற சொற்றொடரில் எத்தனையோ வழக்குகள் தோற்றிருக்கின்றன. தனியார் இடமாக இருந்தாலும் வெளியாட்கள் பார்க்கவோ கேட்கவோ இயலுமானால் அது பொதுமக்கள் பார்வைக்குட்பட்டதே. ஆனால் நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது பேசப்பட்டது அவ்வாறாகாது. திருச்சி மாவட்டத்தில் எழுந்த கருப்புடையார் வழக்கில், அலுவலக அறைக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட வசவு பொதுமக்கள் பார்வையில் நிகழவில்லை என்று கூறி, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. சக ஊழியர்கள் சம்பவத்திற்குப் பிறகே அங்கு வந்தனர் என்பது அதில் கணக்கில் கொள்ளப்பட்டது.

ஆகவே தேநீர்க் கடை முன், ரேஷன் கடை வரிசையில், பேருந்து நிறுத்தத்தில் என்று இடத்தைக் குறிப்பிட்டால் மட்டும் போதாது. அப்போது அங்கிருந்து கேட்டவர்களின் பெயர்களையும் எழுத வேண்டும். அவர்கள் பிற சாதியினராக இருந்தால் சாட்சியம் இன்னும் வலுப்பெறும்.

சாட்சிகளுக்கு அச்சம் இருப்பது இயல்பே. 15ஏ பிரிவு இதற்கென்றே சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு வழங்குவது அரசின் கடமை என்று அது கூறுகிறது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய நீதிமன்ற ஆவணங்களிலும் தீர்ப்புகளிலும் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்கச் சிறப்பு நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. இவ்வுரிமை இருப்பதையே பலர் அறிவதில்லை. மனுப்போட்டுக் கேட்க வேண்டும்.

பெயரே வசவாகும்போது

சாதிப் பெயரைச் சொல்லாமலே இழிவுபடுத்தும் முறையொன்று நம் ஊர்களில் உண்டு. அறுபது வயதுடைய முதியவரை ஊர்த்தெருச் சிறுவன் பெயர் சொல்லி, ‘வாடா, போடா’ என்று அழைப்பான். அவனே தன் தெருவில் அதே வயதுடையவரைப் ‘பெரியப்பா’ என்றோ ‘தாத்தா’ என்றோ அழைப்பான். முதியவர் அச்சிறுவனைத் ‘தம்பி’ என்று அழைத்தாலும் குற்றம். ‘சின்ன ஐயா’ என்று அழைக்க வேண்டும். ஒருவருடைய பெயர் அவரை மதிப்பதற்கும் பயன்படுகிறது, அவரை அவருடைய ‘இடத்தில்’ நிறுத்தி வைப்பதற்கும் பயன்படுகிறது.

இத்தகைய நடத்தையை வழக்காக்குவது கடினம்; ஆனால் இயலாததன்று. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 7(1)(டி) பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் பட்டியல் சாதியினர் ஒருவரை அவமதிப்பதையும் அவமதிக்க முயல்வதையும் குற்றமாக்குகிறது. அப்பிரிவில் ‘பொதுமக்கள் பார்வை’ என்ற நிபந்தனை இல்லை. மேலும், அச்சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினர் மீது அத்தகைய செயல் நிகழ்ந்தால் அது தீண்டாமையின் அடிப்படையில் நிகழ்ந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். புகாரில் ஒப்பீட்டை எழுதுங்கள்: இவர் யாரை எவ்வாறு அழைக்கிறார், எங்களை எவ்வாறு அழைக்கிறார் என்று.

பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன் படித்த மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதி குறித்த விவரம் இருக்கக் கூடாது, மாணவரை அவருடைய சாதியைச் சுட்டி ஆசிரியர்கள் அழைக்கக் கூடாது என்பன அதன் பரிந்துரைகளுள் அடங்கும். வகுப்பறையில் ஒரு குழந்தையை எப்பெயரால் அழைக்கிறோம் என்பதே பரிந்துரைக்குரிய பொருளாயிற்று என்றால், நிலைமையை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

பெயரில்லாத பிணங்கள், சாதியில்லாத கொலையாளிகள்

மனுவில் மறையும் பெயர் செய்தியிலும் மறைகிறது. ‘தலித் இளைஞர் மீது தாக்குதல்’ என்று தலைப்பு இருக்கும். தாக்கியவர்கள் ‘மாற்றுச் சமூகத்தினர்’, ‘மற்றொரு பிரிவினர்’, ‘மர்ம நபர்கள்’ ஆகியிருப்பர். பாதிக்கப்பட்டவருக்குச் சாதி மட்டும் உண்டு, பெயர் இல்லை. தாக்கியவருக்குப் பெயரும் இல்லை, சாதியும் இல்லை. இரு தரப்புக்கும் இடையே ஏதோ ‘மோதல்’ நிகழ்ந்ததாக வாசகர் புரிந்துகொள்கிறார்.

நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. தண்டராம்பட்டு அருகேயுள்ள தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாக முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைய மறுக்கப்பட்டிருந்த பட்டியல் சாதி மக்கள், 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடனிருக்க உள்ளே சென்று வழிபட்டனர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து சரியாக 33 ஆண்டுகள் நிறைவடைந்த நாள் அது. ‘தலித் மக்கள் கோயிலுக்குள் நுழைந்தனர்’ என்பதே செய்தியாயிற்று. அதுவரை தடுத்தவர்கள் யார், எந்த அதிகாரத்தில் தடுத்தனர், அதன்பொருட்டு அவர்கள் மீது என்ன வழக்கு என்ற கேள்விகளுக்கு ‘எதிர்ப்பு தெரிவித்த பிரிவினர்’ என்ற தொடரில் விடை இல்லை.

சாதியைக் குறிப்பிடுவது இதழியல் அறத்திற்கு எதிரானது என்று சிலர் வாதிடுவர். இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிகள் அவ்வாறு கூறவில்லை. குற்றத்தோடு தொடர்பில்லாதபோது, குற்றம் சாட்டப்பட்டவரையோ பாதிக்கப்பட்டவரையோ சாதியால் அடையாளப்படுத்தக் கூடாது என்பதே அந்நெறி. சாதியே குற்றத்தின் காரணமாக இருக்கையில் அதனை மறைப்பது நடுநிலையன்று. ஒரு தரப்பின் சாதியைச் சொல்லி மறுதரப்பின் சாதியை மறைப்பது எந்த நெறிக்குள்ளும் அடங்காது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். ‘44’ என்ற எண் நம் எல்லோருக்கும் தெரியும். அவர்களுள் நான்கு பேரின் பெயரையேனும் சொல்ல இயன்றவர் எத்தனை பேர்? குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. தண்டனை பெற்றவர் எவருமின்றி முடிந்த அவ்வழக்கில், கொல்லப்பட்டோரின் பெயர்களை நினைவில் வைத்திருப்பது மக்களின் பொறுப்பாக மிஞ்சியது. கோகுல்ராஜ், உடுமலை சங்கர், ரோகித் வெமுலா என்று நாம் இன்று பெயர் சொல்லிப் பேசுவது அந்தப் பொறுப்பின் தொடர்ச்சியே. எண்ணிக்கை பரிதாபத்தைத்தான் வரவழைக்கும். பெயர் சொல்லும்போதுதான் ‘இவரைக் கொன்றவர் யார்?’ என்ற அடுத்த கேள்வி எழுகிறது.

பெயரைச் சொல்லக் கூடாத இடங்கள்

இவ்வளவு சொன்ன பின், எதிர்த்திசையில் ஓர் எச்சரிக்கையும் தேவை. நீதி கேட்கும் வேகத்தில் நம் தோழர்களே சட்டத்தை மீறுவதை அடிக்கடி காண்கிறோம்.

பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் பெயரையோ அடையாளம் காணத்தக்க எந்த விவரத்தையோ வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அவர் இறந்துவிட்டாலும் இப்பாதுகாப்பு நீங்குவதில்லை என்று 2018இல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் எனில் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் பொருந்தும். பின்னது பாலியல் குற்றங்களுக்கு மட்டுமானதன்று. எந்தக் குற்றத்தாலும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கும், சாட்சியான குழந்தைக்கும், குற்றம் சாட்டப்பட்ட குழந்தைக்கும் உரியது. நாங்குநேரி மாணவரின் பெயரும் படமும் எங்கும் பரவின. அன்பினால் பரப்பியவர்களே மிகுதி. ஆயினும் அவர் அப்போது பதினெட்டு வயது நிறையாதவர்.

படத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு ஊர், பள்ளி, தந்தையின் தொழில் ஆகியவற்றை எழுதினாலும் அது அடையாளத்தை வெளியிடுவதே. சுவரொட்டி, வாட்ஸ்அப் நிலைப்படம், கண்டனக் கூட்டப் பதாகை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு பாதுகாப்புத் தேடி வரும் இணையரின் பெயரையும் இருப்பிடத்தையும் வாழ்த்துச் செய்தியாகப் பகிர்வதும் அவர்களின் உயிருக்கு ஆபத்தை அழைத்து வரும்.

சுருங்கச் சொன்னால், காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அளிக்கும் புகாரில் எல்லாப் பெயர்களும் இருக்க வேண்டும். பொதுவெளியில் எந்தப் பெயர் வர வேண்டும் என்பதைச் சட்டமும், அதன் எல்லைக்குள் பாதிக்கப்பட்டவரும் தீர்மானிக்க வேண்டும். அதை நாம் தீர்மானிக்கக் கூடாது.

ஒரு வாக்கியத்தைத் திருத்துதல்

ஒரு திங்கட்கிழமை வேங்கிக்காலில் மூதாட்டி ஒருவர் தம் மனுவை எங்களிடம் நீட்டினார். அதே ‘சில நபர்கள்’ வாக்கியம். பெயர்களை எழுதலாமா என்று கேட்டோம். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “பேர எழுதிட்டா, நாளைக்கு அந்தத் தெரு வழியாதானே தம்பி நான் ரேஷன் கடைக்குப் போவணும்?” என்றார். அந்தக் கேள்விக்கு எந்தச் சட்டப்பிரிவும் முழுமையான விடையாகாது என்பதை நாங்கள் அறிவோம். பாதுகாப்புக் கோரும் உரிமையையும், தொடர்ந்து மிரட்டினால் அதையும் தனிப் புகாராகப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் விளக்கினோம். முடிவை அவரிடமே விட்டோம்.

சற்று நேரம் கழித்து, எழுதச் சொன்னார். மூன்று பெயர்கள், அவர்களின் தந்தையர் பெயர், சாதி, தெருக்குழாயடி, காலை ஏழு மணி, சொன்ன சொல், கேட்டுக்கொண்டிருந்த இருவர். “சில நபர்கள்” இருந்த இடத்தில் ஒரு முழுப் பக்கம் வந்தது. படித்துக் காட்டியபோது ஒரே ஒரு திருத்தம் சொன்னார். மனுவின் தலைப்பில் இருந்தது ஊர்த்தெருவில் அவரை அழைக்கும் சுருக்கப் பெயர். அதை அடித்துவிட்டு, தம் தாய் தந்தையர் வைத்த முழுப்பெயரை எழுதச் சொன்னார். எழுதினோம். அதன் கீழ் கைநாட்டு வைத்துவிட்டு, மனுவை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.